கொடைக்கானல் ஏரிச்சாலையில் வாடகை சைக்கிள்: ஒரு மதிப்பீடு

கொடைக்கானலில் எங்கே சைக்கிள் ஓட்டலாம் என்று கேட்பவர்களுக்கு ஏரிச்சாலையைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றமோ இறக்கமோ எதிர்ப்படும் இந்த ஊரில், மதுரை கலெக்டராகப் பணியாற்றிய வெர் லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய ஏரியைச் சுற்றி ஓடும் சுமார் 5 கிலோமீட்டர் சாலைதான் பெரும்பாலும் மூச்சு வாங்காமல் மிதிக்க ஏற்றது. அதன் ஓரத்தில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடைகளுள் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

சாதாரண சைக்கிள், கியர் சைக்கிள், இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள், சிறுவர் சைக்கிள் என எல்லாம் இருந்தன. கடைக்காரர் என் உயரத்தைப் பார்த்து, கேட்காமலேயே ஸ்பேனரை எடுத்து சீட்டை ஏற்றிக் கொடுத்தார். ஆனால் அவர் முதலில் தந்த வண்டியில் பின்பிரேக்கை முழுவதும் இழுத்தபோது லீவர் கைப்பிடியில் போய் இடித்ததே தவிர, சக்கரம் நிற்கவில்லை. சொன்னதும் மறுபேச்சின்றி வேறு வண்டி கொடுத்தார் என்றாலும், வாடகைக்கு விடுமுன் அதை அவரே பார்த்திருக்க வேண்டும். ஆகவே, பணம் கொடுக்கும் முன் வண்டியைச் சற்றுத் தள்ளிக்கொண்டே இரண்டு பிரேக்குகளையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். சாரல் பெய்தால் இந்தச் சோதனையும் போதாது. ஈரமான இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை எளிதில் பிடிக்காது என்பதால், வளைவுக்கு வெகு முன்பே லேசாக அழுத்தி நீரை வழித்துவிட வேண்டும்.

ஹெல்மெட்டும் விளக்கும் அந்தக் கடையில் இல்லை. பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கி எதிரில் வரும் கார் தெரியாமல் போகும் ஊரில் இது பெருங்குறை. பின்புறம் மாட்டும் சிறிய சிவப்பு விளக்கு ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுவருவது நல்லது.

சாலையைப் பகிர்ந்துகொள்வதில் இங்கே கார்களைவிடக் கூடுதல் கவனம் கேட்பவை குதிரைகள். குதிரைக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது. திடீரென மணியடித்தபடி நெருங்கினால் மிரண்டு உதைக்கவோ, சவாரி செய்யும் குழந்தையைத் தள்ளிவிடவோ கூடும். வேகத்தைக் குறைத்து, "அண்ணே, வலது பக்கம் வர்றேன்" என்று குதிரைக்காரரிடம் குரல் கொடுத்து, அவர் கயிற்றை இழுத்துப் பிடித்த பிறகு நன்றாக விலகிக் கடப்பதே சரியான முறை. நான் கடந்த இடத்தில் அவர் குதிரையை ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, கையசைத்து வழி விட்டார். நண்பர்கள் மூவரும் நால்வருமாகச் சாலையை அடைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் நடப்பவர்களுக்கும் வண்டிகளுக்கும் இங்கே பெருந்தொல்லை. ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டிருந்தாலும், சீசன் நாள்களின் பகற்பொழுதில் ஏரிச்சாலை நெரிசலாகவே இருக்கும். எனவே கடை திறந்ததும் வண்டி எடுப்பவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன். கோக்கர்ஸ் வாக் நடப்பவர்களுக்கான பாதை. அங்கே சைக்கிள் வேண்டாம். வாடகை வண்டியோடு தூண் பாறை, வட்டக்கானல் பக்கம் போவதும் வேண்டாம். அந்த இறக்கங்களை இந்தப் பிரேக்குகள் தாங்கா.

சீட்டைப் பொருத்திக் கொடுத்த அக்கறைக்கும் வண்டியை உடனே மாற்றித் தந்ததற்குமாக, ஐந்துக்கு மூன்று தருகிறேன். ஹெல்மெட்டும் விளக்கும் வைத்தால் நான்கு தரத் தயங்க மாட்டேன்.