காரைக்குடியில் கார் ஏ.சி. கம்ப்ரசர் மாற்றிய அனுபவம்

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் செட்டிநாட்டுக்கு வந்துபோகும் நம்மில் பலருடைய வீட்டு வாசலிலும் ஒரு பழைய கார் நிற்கிறது. விடுமுறையில் நாம் ஓட்டுகிறோம். மற்ற மாதங்களில் வயதான பெற்றோர் அதில்தான் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் போய்வருகிறார்கள். அந்தக் காரின் ஏ.சி. கத்திரி வெயிலில் கைவிட்டால் பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன். பட்டா மாறுதலும் வங்கி வேலையும் வளவு ஓடு மாற்றியதும் தொல்லை இல்லாமல் முடிந்தன; அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்பச்சியின் (என் தந்தையின்) கார் 12 ஆண்டு ஓடிய டீசல் வண்டி. திருச்சி விமான நிலையத்திலிருந்து வரும்போது நெடுஞ்சாலையில் ஓரளவு குளிர்ந்த காற்று, புதுக்கோட்டை நெரிசலில் வண்டி நின்றதும் அனலாக மாறியது. திருமயம் தாண்டிய பிறகு, ஏ.சி.யைப் போட்டவுடன் முன்பக்கத்திலிருந்து இரும்பு உரசும் சத்தம் கேட்டது, அணைத்தவுடன் அடங்கியது. அணைத்த பிறகும் சத்தம் தொடர்ந்தால் பெரும்பாலும் பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லியின் பேரிங் தேய்ந்திருக்கும். போட்டால் மட்டும் வரும் சத்தம், குளிரூட்டும் வாயுவை (கேஸ்) அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் உள்ளே தேய்மானம் தொடங்கிவிட்டதற்குப் பெரும்பாலும் அடையாளம்.

எங்கள் வீட்டில் ஏ.சி. தேவைப்பட்டதே இல்லை. தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் இருக்க, மே மாதப் பிற்பகலிலும் பட்டாசாலையில் நிம்மதியாக உறங்கலாம். ஆனால் நகரத்தார் சமூகத்தின் ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரு சுற்றாகத் தரிசிக்க வேண்டும் என்பது ஆத்தாவின் (என் தாயின்) நெடுநாள் ஆசை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணிக்கோயில், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று வெயிலில் நிறுத்தி நிறுத்திச் செல்லும் பயணத்தில், எண்பது வயதை நெருங்கும் இருவரை அனல் காற்று வீசும் காரில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் போனது பளபளப்பான ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்துக்கு. வரவேற்பறையில் குளிர்ச்சி, தேநீர், கணினியில் அச்சிட்ட மதிப்பீடு எல்லாம் இருந்தன. கம்ப்ரசர், வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர், உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில், குழாய்கள் என்று முழு செட்டையும் மாற்ற வேண்டும், டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், ரூ.70,000க்கு மேல் ஆகும் என்று அந்தத் தாள் சொன்னது. கூலிங் காயிலில் என்ன கோளாறு என்று கேட்டேன். பதில் சொல்லும் பொறுப்பில் அங்கே எவரும் இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்தவர் ஒருவர், மதிப்பீடு எழுதியவர் வேறொருவர், இருவரும் பேசிக்கொண்டதாகவே தெரியவில்லை. சிங்கப்பூரிலும் பழுதான பொருளைத் திறந்து பார்ப்பதில்லை, மொத்தமாக மாற்றிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். அங்கே சி.ஓ.இ. என்னும் உரிமைச் சான்று 10 ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்கு மேல் வைத்திருக்கப் பெருந்தொகை கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதால் கார்கள் முதுமை எய்துவதே குறைவு. ஆனால் எந்தப் பொருளை ஏன் மாற்றுகிறோம் என்று அங்கே ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்வார்.

அடுத்து எங்கள் ஓட்டுநர் தமக்குத் தெரிந்த ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார். "கேஸ் கம்மியா இருக்குண்ணே, அடிச்சா ஐஸா வரும்" என்றார் கடைப் பையன். பழைய கேஸைச் சீறலோடு வெளியே திறந்துவிட்டு, உள்ளிருக்கும் காற்றை இழுக்கும் வேக்கம் பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அழுத்தமானியின் (கேஜ்) முள்ளைப் பார்த்தபடியே புதிய கேஸை ஏற்றினார். வீடு வந்து சேரும்வரை குளிர்ந்தது. அடுத்த வாரத்துக்குள் சத்தம் இரட்டிப்பானது.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்தக் கேஜ் பழக்கம்தான். கேஜ் காட்டுவது அழுத்தத்தை. உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதை அது காட்டாது. ஆர்134ஏ என்னும் குளிரூட்டி ஓடாமல் நிற்கும்போது 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 80 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டும், 40 டிகிரியில் அதே கேஸ் 130ஐத் தாண்டும். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை, இருப்பது 200 கிராமா 500 கிராமா என்று நிற்கும் முள்ளால் பிரித்துக் காட்ட முடியாது. ஓடும்போதும் வெயில், கண்டென்சர் விசிறியின் வேகம், எஞ்சின் சுழற்சி எல்லாம் முள்ளை அசைக்கின்றன. கேஸ் அதிகமானால் மேல் அழுத்தம் ஏறிக் கம்ப்ரசர் திணறும். குறைந்தால் கேஸோடு சேர்ந்து சுற்ற வேண்டிய எண்ணெய் சரியாகத் திரும்பி வராது. ஆகவே எடை போட்டு நிரப்புவதைத் தவிர வேறு சரியான வழி இல்லை. எத்தனை கிராம் என்பது பெரும்பாலான கார்களில் பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும். எங்கள் வண்டிக்கு 480.

கடைசியாகக் கழனிவாசல் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனோம். பெயர்ப் பலகை கூட வெயிலில் மங்கியிருந்தது. அறுபதைக் கடந்த மெக்கானிக் சத்தத்தைக் கேட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்தச் சொல்லி, கம்ப்ரசரைக் கழற்றி, அதிலிருந்த எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி என்னிடம் காட்டினார். கருத்த எண்ணெயில் அலுமினியத் துகள்கள் மின்னின. அவர் சொன்ன காரணமும் தெளிவாக இருந்தது: குழாய் இணைப்பின் ரப்பர் வளையமான ஓ-ரிங் இறுகிப்போய்க் கேஸ் மெல்லக் கசிந்திருக்கிறது, கேஸோடு எண்ணெயும் போயிருக்கிறது, எண்ணெய் குறைந்ததால் பிஸ்டன்கள் தேய்ந்திருக்கின்றன. இணைப்பைச் சுற்றிப் படிந்திருந்த எண்ணெய் அழுக்கை விரலால் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, பழைய கண்டென்சரை வச்சுக்கிட்டுப் புதுக் கம்ப்ரசர் போட்டா, இந்தத் தூள் திரும்ப வந்து அதையும் தின்னுரும். கூலிங் காயிலுக்கு ஒண்ணும் ஆகலை, அதைத் தொட வேணாம்" என்றார்.

கம்ப்ரசரை விட்டுத் துகள்கள் முதலில் போய்ச் சேரும் இடம் கண்டென்சர். இக்காலத்துக் கண்டென்சரின் உட்குழல்கள் மிகக் குறுகலானவை என்பதால் எவ்வளவு கழுவினாலும் முழுவதும் சுத்தமாகாது. ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், அமைப்பைத் திறந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். காற்றுப் பட்டவுடன் அதன் உள்ளிருக்கும் மருந்து ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும். கூலிங் காயிலுக்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வும் ஓ-ரிங்குகளும் புதிதாகப் போடப்பட்டன. பழையதைச் சீர்செய்து விற்கும் ரீகண்டிஷன் கம்ப்ரசர் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று நானே கேட்டபோது, உள்ளே எதை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியாத பொருளுக்குத் தம்மால் உத்தரவாதம் தர இயலாது என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

உதிரிகள் மதுரையிலிருந்து வர வேண்டியிருந்தது. வழக்கம்போலப் பேருந்தில் பார்சலாக ஏற்றிவிட்டு வண்டி எண்ணைத் தொலைபேசியில் சொன்னார்கள். காரைக்குடி புதிய பேருந்து நிலையத்தில் காத்திருந்து நடத்துநரிடம் பெற்றுக்கொண்டோம். முதலில் வந்த கம்ப்ரசரின் புல்லி எங்கள் பெல்ட்டுக்குப் பொருந்தவில்லை. திருப்பி அனுப்பி, மீண்டும் அதே நிலையத்தில் வெயிலில் நிற்க நேர்ந்தது. பொருள் எண்ணைப் படம் எடுத்து அனுப்பியிருந்தும் இப்படி நடப்பதைப் பொறுத்துக்கொள்வது எனக்குக் கடினமாக இருந்தது. சிங்கப்பூரில் வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொன்னால் சரியான பொருள் பட்டறை வாசலுக்கே வந்துவிடும். இங்கேயும் அந்த எண் கார் பதிவுப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. கடைக்காரர் அதைக் கேட்டு வாங்கினாலே போதும்.

பொருத்தி முடித்ததும் கேஸ் ஏற்ற அவர் அவசரப்படவில்லை. முதலில் நைட்ரஜனை ஏற்றி, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார். பிறகு வேக்கம் பம்பை 45 நிமிடம் ஓடவிட்டார். காற்றை இழுத்துவிட்டால் உள்ளிருக்கும் நீர் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறிவிடும். ஈரம் தங்கினால் அது குளிரூட்டியோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பம்பை நிறுத்தி, கசிவைக் காட்டும்படி முள் ஏறுகிறதா என்று நெடுநேரம் காத்திருந்தார். அதன் பிறகு உறையிட்டு வைத்திருந்த மின்னணுத் தராசை எடுத்து, சிலிண்டரை அதன்மேல் நிறுத்தி, எண்ணைச் சுழியாக்கி, 480 கிராம் இறங்கியதும் வால்வை மூடினார். பழைய முறையில் எஞ்சினைத் தொட்டே நோய் சொல்லும் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர், கைக்கணக்கை நம்பாமல் கிராம் கணக்கை நம்பியதைப் பார்த்தபோது எனக்கு ஊரின்மேல் இருந்த கோபமெல்லாம் தணிந்தது.

வெளியே 39 டிகிரி இருந்த நேரத்தில், காற்று வரும் துவாரத்தில் அவர் செருகிய வெப்பமானி ஓட்டத்தில் 8 காட்டியது. நிறுத்தி வைத்தபோது 12. எல்லாம் சேர்த்து ரூ.34,000 ஆயிற்று. கம்ப்ரசருக்கு 6 மாத உத்தரவாதத்தை ரசீதில் எழுதிக் கையொப்பமிட்டார். பழைய உதிரிகளை ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார். ஒன்பது கோயில்களையும் அப்பச்சியும் ஆத்தாவும் களைப்பின்றித் தரிசித்தார்கள்.

அவரிடமும் ஒரு குறை உண்டு. பழைய கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரம் அவரிடம் இல்லை, வெளியேதான் விட்டார். ஆர்134ஏ கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கக்கூடியது. அதைக் குறைப்பதற்கான கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றிருக்கிறது. இதை அவரிடம் சொன்னபோது மறுக்காமல் கேட்டுக்கொண்டார். இயந்திரத்தின் விலை தம் ஒருவரால் தாங்கக்கூடியதாக இல்லை என்றும், பக்கத்துப் பட்டறைகளும் சேர்ந்தால் பொதுவாக ஒன்று வாங்கிவிடலாம் என்றும், அதைத் தாமே அவர்களிடம் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார். அப்படி வாங்கினால் என் பங்காக ஒரு தொகை தருவதாகச் சொல்லி, தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.