பாதத்துக்கு எத்தனை பாகை? ஷிமானோ எம்520 பெடல் பற்றிய மதிப்பீடு

கிளிநொச்சியில் இருந்து கிழமைக்கு மூன்று நாள் சைக்கிளில் நீண்ட தூரம் போய்வருகின்ற நான், ஷிமானோ எம்520 என்னும் கிளிப்லெஸ் பெடலை இரண்டு வருடங்களுக்கு மேலாகப் பாவித்து வருகிறேன். அதைக் காண்கின்றவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், பிறகு கையில் வாங்கி நிறை பார்க்கிறார்கள். சோடி 380 கிராம். விலையில் இவ்வகைப் பெடல்களுள் மலிவான வரிசையைச் சேர்ந்தது. ஆனால் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சப்பாத்து பெடலில் பூட்டிக்கொண்ட பிறகும் பாதம் இடமும் வலமுமாக எவ்வளவு திரும்பலாம் என்பதுதான் அது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சப்பாத்தின் அடியில் உள்ள கிளீற் என்ற சிறு துண்டு பெடலின் ஸ்பிறிங் தாடையில் ‘டக்’ என்று மாட்டிக்கொள்ளும் ஒரு பொருளுக்கு, கிளிப் இல்லாதது என்று பெயர் வைத்தது விநோதமே. முன்னர் பாதத்தை இறுக்கிய கூண்டும் வாரும் இதில் இல்லை என்பதே அதன் பொருள். பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பூட்டுச் செய்த அனுபவமுள்ள பிரெஞ்சு நிறுவனமான லுக் 1984இல் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மறு வருடமே பேர்னார் இனோ இத்தகைய பெடலோடு ரூர் டி பிரான்ஸ் போட்டியை வென்றார். எம்520இல் உள்ள எஸ்பிடி என்னும் பூட்டு முறையை ஷிமானோ 1990இல் அறிமுகப்படுத்தியது.

பூட்டிய நிலையில் பாதத்துக்குக் கிடைக்கும் இந்த அசைவை ஃபுளோட் என்கிறார்கள். எம்520 உடன் வரும் எஸ்எச்51 கிளீற்றில் அது ஏறத்தாழ 4 பாகை. நான்கு பாகை என்றால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் கிளீற் பூட்டப்பட்டிருப்பது பெருவிரலின் அடிமேட்டுக்குக் கீழே. அங்கிருந்து குதிக்கால் 18 சென்ரிமீற்றர் தொலைவில் இருந்தால், அந்த நான்கு பாகை குதிக்காலில் 12 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அசைவாகிறது. ஆறு பாகை என்றால் 19 மில்லிமீற்றர், அதாவது ஒரு பெருவிரல் அகலம்.

இந்தக் கணக்கை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, முழங்கால் கொடுத்து அறிந்துகொண்டேன். எம்520 வாங்குவதற்கு முன்னர், பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் சிறிதும் அசையாத கிளீற்றோடு ஒரு சோடி பெடல் வாங்கினேன். அடிமட்டம் வைத்தாற்போல் இரண்டு சப்பாத்திலும் கிளீற்றை நேராகப் பூட்டிக்கொண்டு பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இறங்கினேன். தருமபுரம், விசுவமடு வரை குறை ஏதுமில்லை. உடையார்கட்டு தாண்டியதும் வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு குத்தல் தொடங்கியது. புதுக்குடியிருப்பில் இறங்கி ஒரு தேநீர்க் கடை வாங்கில் காலை நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் இருக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தது பஸ்ஸில்.

காரணம் பிறகுதான் விளங்கியது. முழங்கால் கதவுப் பிணைச்சல் போல் மடங்கி நிமிர்வது மட்டும் செய்வதில்லை. நிமிரும்போது கீழ்க்கால் எலும்பு தன் அச்சில் சற்றே திரும்பவும் செய்கிறது. பாதம் அசையாமல் இறுகியிருந்தால் அந்தத் திருகல் முழுவதையும் முழங்காலே வாங்கிக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,800 தடவை அவ்வாறு திருகப்படுகிறது. அன்று நான் மிதித்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

வீட்டுக் கிணற்றுக் கட்டில் ஏறி, முழங்கால் மடங்க இரண்டு கால்களையும் தளர்வாகத் தொங்கவிட்டுக் குனிந்து பார்த்தேன். இடது பாதம் ஏறக்குறைய நேராக நின்றது. வலது பாதம் வாத்தின் கால் போல் வெளிப்பக்கம் பார்த்தது. எத்தனையோ வருடம் லுமாலா சைக்கிளின் தட்டைப் பெடலில் அந்தக் கால் தன் விருப்பப்படி திரும்பி நின்றிருக்கிறது, நான் கவனித்ததில்லை. எம்520 வந்ததும் செய்த முதல் வேலை, வலது சப்பாத்தின் கிளீற் மூக்கைப் பெருவிரல் பக்கமாகச் சற்றுத் திருப்பிப் பூட்டியதே. கிளீற் உட்பக்கம் பார்த்தால்தான் சப்பாத்து வெளிப்பக்கம் பார்க்கும் என்பது முதலில் யாருக்கும் தலைகீழாகவே படும்.

எனவே என் தீர்ப்பு இது: பெரும்பாலானோருக்கு 4 முதல் 6 பாகை வரை போதும், ஆனால் அந்த அசைவு பாதத்தின் இயல்பான கோணத்துக்கு இரு புறமும் இருக்க வேண்டும். பெடலில் பூட்டிக்கொண்டு சைக்கிளைச் சுவரில் சாய்த்து, குதிக்காலை உள்ளேயும் வெளியேயும் ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் உடனே தட்டுகிறது என்றால், பெட்டியில் எத்தனை பாகை என்று எழுதியிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது பாதிதான்.

அதிக அசைவு எப்போதும் நல்லதே என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஸ்பீட்பிளேயின் பழைய எக்ஸ் வரிசையில் 28 பாகை கிடைத்தது. அதே நிறுவனத்தின் சீரோ வகையில் 0 முதல் 15 வரை சிறு திருகாணிகளால் வரையறுத்துக்கொள்ளலாம். முழங்காலில் பழைய காயம் உள்ளவருக்கு அது வரமாகலாம். மற்றவருக்கு அது எண்ணெய் பூசிய தட்டில் நிற்பது போன்ற உணர்வையே தரும். வீதிப் பந்தயச் சப்பாத்துகளுக்கான மூன்று திருகாணிக் கிளீற்றுகளை நிறத்தைக் கொண்டே தெரிந்துகொள்ளலாம்: ஷிமானோவில் சிவப்பு 0, நீலம் 2, மஞ்சள் 6 பாகை, லுக் கியோவில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9. ஒரு நிறுவனத்தின் சிவப்பு மற்றதன் சிவப்புக்கு நேர் எதிரானது என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். அந்தக் கிளீற்றோடு கடைக்குள் நடப்பது வாத்து நடையாகும். எம்520க்கான இரண்டு திருகாணிக் கிளீற் சப்பாத்தின் அடிக்குழிக்குள் அடங்கிவிடுவதால் முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு வரவும் இடைஞ்சல் இல்லை.

அசைவையும் கழற்றும் கோணத்தையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. முதலாவது, ஸ்பிறிங் பிடியைத் தளர்த்தாமல் பாதம் திரும்பும் அளவு. இரண்டாவது, பூட்டு விட்டுக்கொடுக்கும் இடம். உதாரணமாக, கிராங்பிரதர்ஸ் பெடல்களில் அசைவு 6 பாகை. கழலும் கோணத்தை 15 அல்லது 20 பாகையாக வைத்துக்கொள்ளலாம். மாலையில் ஏ9 வீதியின் நடுவே மாட்டுப் பட்டி படுத்துக்கிடக்கும் ஊரில் இந்த வேறுபாடு சிறியதன்று. திடீரென்று காலை ஊன்ற வேண்டியவர் சீக்கிரம் கழலும் பூட்டையே தேட வேண்டும். எம்520இல் ஸ்பிறிங்கின் இறுக்கத்தை 3 மில்லிமீற்றர் எலன் கீயால் குறைக்கலாம். புதியவர்கள் முழுவதும் தளர்த்தி வைத்துக்கொண்டு தொடங்கட்டும். பக்கவாட்டில் முறுக்கினால் மட்டுமன்றி மேல்நோக்கி இழுத்தாலும் கழலும் எஸ்எச்56 கிளீற்றும் இதற்குப் பொருந்தும். ஆனால் இறுக்கத்தை மாற்றுவதால் அசைவின் பாகை மாறாது. அதை மாற்ற வழியும் இதில் இல்லை. மேலதிகமாக வேண்டியவர் வேறு பெடலைத்தான் பார்க்க வேண்டும்.

இங்குள்ள கிரவல் வீதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரணைமடுக் குளக்கட்டுப் பக்கம் ஒரு நாள் போய்வந்தால் சப்பாத்தின் அடி செங்கல் நிறமாகிவிடுகிறது. அந்தத் தூள் தாடைக்குள் புகுந்தால் நான்கு பாகையும் கரகரத்து இறுகும். ஒரு பழைய பல் தூரிகையும் துளி எண்ணெயும் அதைத் தீர்க்கும். மாரியில் வயற்கரைச் சேறு அடைத்தால் வேப்பங்குச்சியால் குத்தி எடுத்தபின்தான் பூட்டும். அதே தூள் நாளடைவில் கிளீற்றின் விளிம்பைத் தேய்க்கிறது. தேய்ந்த கிளீற்றில் பாதம் தாராளமாக ஆடத் தொடங்கும். அது ஃபுளோட் அன்று, பிடி தளர்ந்துவிட்டதன் அறிகுறி. நான் கேட்ட கிளிநொச்சிக் கடைகளில் இந்தக் கிளீற் இல்லாதபடியால் கொழும்பில் இருந்து எடுப்பிக்கும்போது இரண்டு சோடியாகவே எடுக்கிறேன். பழையதைக் கழற்றுமுன் அதன் ஓரத்தைச் சுற்றி வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு இழுத்துக்கொள்கிறேன். புதியது அந்தக் கோட்டுக்குள் அமர்ந்தால் வலது காலுக்காக மறுபடியும் கிணற்றுக் கட்டில் ஏற வேண்டியதில்லை.