1000 மில்லிகிராம் வைட்டமின் சி கரையும் மாத்திரை: ஓட்டக்காரர்களுக்குத் தேவையா?

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் மருந்தகங்களில் ஜிம்முக்குப் போகிறவர்கள் விரும்பி வாங்கும் சரக்கு இது. ஆரஞ்சு சுவை, விலையும் கையைக் கடிக்காது. ஆனால் தினமும் பயிற்சி செய்பவருக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கடும் பயிற்சியில் தசைக்குள் உருவாகும், எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெறும் கழிவல்ல. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கச் சொல்லும் சமிக்ஞையும் அவைதான். மாத்திரை அந்தக் குரலை அடக்கிவிடலாம். 2009இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், 4 வாரம் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 ஐயு (சர்வதேச அலகு) வைட்டமின் இ எடுத்தவர்களுக்கு, உடல் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும் தன்மையில் உடற்பயிற்சியால் வரவேண்டிய முன்னேற்றம் கிட்டவில்லை. 2014 நார்வே ஆய்வில் ஓட்டத்திறன் குறையவில்லை. ஆனால் தசையின் உள்மாற்றங்கள் மட்டுப்பட்டன. இரண்டிலும் இ-யும் சேர்ந்திருந்ததை மறக்கக் கூடாது.

200 மில்லிகிராம் வரை குடல் நன்றாக உறிஞ்சும். 1000ஐத் தாண்டினால் பாதிகூட உள்ளே போகாது, வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தொடவே வேண்டாம். நுரைக்குக் காரணம் சோடியம் பைகார்பனேட், ஆகவே இரத்த அழுத்தம் உள்ளவர்கள் லேபிளில் சோடியம் அளவைப் பாருங்கள்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மலேசிய அரசின் மருந்துப் பதிவைக் காட்டும் எம்ஏஎல் (MAL) எண்ணும் ஹோலோகிராமும் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியை இறுக்கி மூடுங்கள். நம்மூர் ஈரப்பதத்தில் மாத்திரை நமத்து நுரைக்காமல் போகும்.

பாசாரில் கிடைக்கும் கொய்யா 100 கிராமிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் சி இருக்கிறது. நாங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான்.