மார்போடு அணைப்பதா, கைகளால் பொதிவதா?

கருவில் 32 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிட்ட குழந்தையைத் தொட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்குபேட்டரின் பக்கத் துவாரம் வழியாகக் கைவிட்டு, ஓர் உள்ளங்கையைத் தலையிலும் மற்றதை மடக்கிய கால்களிலும் அசையாமல் வைத்திருக்கும் கைப்பொதிவு. இன்னொன்று, குழந்தையை வெளியே எடுத்துத் தாய் அல்லது தந்தையின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கிடத்தும் கங்காரு பராமரிப்பு.

கைப்பொதிவைப் பெரும்பாலும் முதல் நாட்களிலேயே தொடங்கிவிடலாம். ஊசி குத்தும்போதும் குழாய் மாற்றும்போதும் குழந்தை அமைதிகொள்ள உதவும். பலரும் செய்யும் தவறு, வருடிக்கொடுப்பது. அந்த மெல்லிய தோலுக்கும் முதிராத நரம்புகளுக்கும் வருடல் தொல்லை. அசையாத கைதான் ஆறுதல். (சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் புரியும்.)

ஆனால் பலன் என்று பார்த்தால் என் தராசு கங்காரு பக்கமே சாய்கிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறைக்கு மாற்றாக உருவான முறை இது. உடல் சூடு நிலைக்கிறது, தொற்று குறைகிறது, தாய்ப்பால் ஊட்டுவது எளிதாகிறது, இறப்புகளும் குறைகின்றன. பிறந்தவுடன் இயன்றவரை விரைவில் தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை அணைத்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. செயற்கைச் சுவாசம் தேவைப்படும் குழந்தைக்கும், ரத்த ஓட்டம் நிலைகுலைந்த குழந்தைக்கும் உடனடியாகத் தொடங்குவது பொருந்தாது. மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

பத்து நிமிடத்தில் திருப்பி வைப்பதாக இருந்தால் எடுக்காமலிருப்பதே மேல். இடமாற்றமே குழந்தையைக் களைப்பாக்கும். அன்றைக்குக் கைப்பொதிவு போதும்.