கன்சாஸா, ஸ்டிக்ஸா?

1970களின் அமெரிக்க அரீனா ராக் (பெரிய அரங்குகளை நிரப்பிய ராக் இசை) என்று வந்தால் கன்சாஸையும் ஸ்டிக்ஸையும் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கன்சாஸ் டொபீகாவில் உருவான குழு, ஸ்டிக்ஸ் சிகாகோவில். யெஸ் போன்ற பிரிட்டிஷ் ப்ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக்) குழுக்களின் பாதிப்பு இரண்டிலுமே தெரியும். ஆனால் கன்சாஸில் அது பாட்டின் எலும்பு வரை இறங்கியது. ஸ்டிக்ஸில் கதைக்கும் மேடைக்கும் போனது.

கன்சாஸின் 'கேரி ஆன் வேவர்ட் சன்' (1976) வாத்தியமே இல்லாமல் குரல்களோடு தொடங்கும். உடனே கனமான கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் துணுக்கு), அப்புறம் பியானோவோடு தணிந்து வரும் சரணம், நடுவில் ஆர்கனும் கிட்டாரும் மோதிக்கொள்ளும் இடம். ஐந்தரை நிமிடத்துக்குள் இத்தனை திருப்பங்கள் இருந்தும் அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் பட்டியலில் 11ஆம் இடம் வரை ஏறியது. எழுதியவர் குழுவின் கிட்டார் கலைஞர் கெர்ரி லிவ்கிரன். விரல் பயிற்சிக்காக அவர் வாசித்துக்கொண்டிருந்த கிட்டார் துணுக்குதான் பிறகு கன்சாஸின் 'டஸ்ட் இன் த விண்ட்' பாட்டு ஆனது. ராபி ஸ்டைன்ஹார்ட்டின் வயலினைத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற ராக் குழுக்களில் வயலின் எப்போதாவது வந்து போகும். இங்கே கிட்டாருக்குச் சமமாக நின்று பாட்டை நகர்த்தும். பத்து நிமிட 'சாங் ஃபார் அமெரிக்கா'வைக் கேட்டால் போதும், தெரிந்துவிடும்.

ஸ்டிக்ஸின் 'கம் செயில் அவே' (1977) பியானோவில் மெதுவாக ஆரம்பித்து, கிட்டாரில் வெடித்து, நடுவே சின்தசைசரில் மிதக்கும். அருமையான பாட்டு. குரல்கள் இணையும் அழகில் கன்சாஸைவிட ஸ்டிக்ஸ் ஒரு படி மேலேதான். ஆனால் ஸ்டிக்ஸின் பாடகர் டென்னிஸ் டியங்கின் மனம் நாடகத்தின் பக்கம் சாய்ந்தது. சிகாகோவின் பழைய தியேட்டர் ஒன்றை வைத்துச் செய்த 'பாரடைஸ் தியேட்டர்' (1981) அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1983இல் 'கில்ராய் வாஸ் ஹியர்' வந்தது: ராக் இசை தடை செய்யப்பட்ட எதிர்காலம், கச்சேரிக்கு முன் குறும்படம், மேடையில் நடிப்பு. அந்தச் சுற்றுப்பயணத்துக்குப் பின் கிட்டார் கலைஞர் டாமி ஷா விலகினார், குழுவும் கலைந்தது.

அதே காலத்து அமெரிக்கக் குழுவான ஜர்னி இன்னொரு வழியில் போனது. வாத்தியங்களை நம்பிய முதல் மூன்று ஆல்பங்கள் பெரிதாக விற்கவில்லை. ஸ்டீவ் பெரி பாட வந்ததும் ப்ராக் அநேகமாகக் காணாமல் போயிற்று.

என் ஓட்டு கன்சாஸுக்கே. ஒரே ஒரு ஆல்பம்தான் கேட்க முடியும் என்றால் 'கேரி ஆன் வேவர்ட் சன்' உள்ள 'லெஃப்டோவர்ச்சர்' போடுங்கள், ஹிட் பாட்டோடு நிறுத்திவிடாமல் கடைசியில் வரும் 'மேக்னம் ஓபஸ்' வரை.