உப்புக்காற்று ஊரில் பழைய தோக்கு: ரெனைசான்ஸ் மெழுகு வாங்கலாமா?

குளச்சல், முட்டம், மணக்குடி போலக் கடலையொட்டிய ஊர்களில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் தோக்கு (துப்பாக்கி) ஒன்று வீட்டில் இருந்தால், அதற்கு முதல் எதிரி உப்புக்காற்று. இரண்டாவது எதிரி, பளபளப்பாக்கித் தருகிறேன் என்று பிராசோ என்ற உலோகப் பாலிஷும் உப்புத்தாளுமாக உட்காரும் உறவுக்காரர். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து எஸ்டேட் வீடுகளில் உப்பு கிடையாது, ஆனால் ஈரம் உண்டு. ஜூனில் தொடங்கும் சாரலும் ஐப்பசி அடைமழையும் சேர்ந்து, இரும்பு முழுசாகக் காய்வதற்கு இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதிக மாதங்கள் கிடைப்பதில்லை. எண்ணெய் பூசினால் மூன்றே வாரத்தில் தூசி ஒட்டிப் பிசுக்காகிறது, பூசாமல் விட்டால் குழலின் மேல் செம்புள்ளி விழுகிறது. இதற்கு மாற்றாகச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி சொல்லும் பொருள் ரெனைசான்ஸ் மெழுகு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குழலின் வெளிப்புறம், விசைக்காப்பு (விசையைச் சுற்றியிருக்கும் வளையம்), மரக்கட்டை ஆகியவற்றுக்கு இது அருமையான பொருள். குழலின் உட்பக்கத்துக்கும் பூட்டின் (சுடும் பொறியின்) உள்ளே இருக்கும் உறுப்புகளுக்கும் ஆகாது. ஏற்கெனவே பிடித்த துருவை இது எடுக்காது. அதன் மேலேயே பூசினால் துருவை மூடி போட்டுப் பத்திரப்படுத்தியதாகத்தான் முடியும்.

1950களின் கடைசியில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில், அருங்காட்சியகப் பொருட்களைப் பாதுகாப்பதற்காக உருவான கலவை இது. பெட்ரோலியத்திலிருந்து வரும் நுண்படிக மெழுகையும் பாலிஎத்திலீன் மெழுகையும் ஒயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் கரைத்திருக்கிறார்கள். 65 மில்லி, 200 மில்லி டப்பாக்களில் கிடைக்கிறது. இறக்குமதிச் சரக்கு என்பதால் விலை உறைக்கும். ஆனால் இரட்டைக்குழல் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும், ஒன்றிரண்டு துப்பாக்கி உள்ள வீட்டில் 65 மில்லி டப்பா வருஷக்கணக்கில் தீராது. பெரிய டப்பா வாங்கினால் பாதி தீர்வதற்குள் மீதி கெட்டியாகிவிடும். மூடியை ஒழுங்காக இறுக்காவிட்டால் சின்ன டப்பாவுக்கும் அதே கதி. கொஞ்சம் ஒயிட் ஸ்பிரிட் விட்டுக் கிளறினால் திரும்ப இளகும். ஆவி தீப்பிடிக்கும், அடுப்படியில் வைக்கக் கூடாது.

மார்த்தாண்டத்தில் தேனுக்குக் குறைவில்லை, அதனால் தேன்மெழுகும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை டர்பன்டைனில் உருக்கிப் பூசினால் போதாதா என்று கேட்பார்கள். மேசை நாற்காலிக்குத் தாராளமாகப் பூசலாம். இரும்புக்கு இரண்டு காரணத்தால் பின்தங்குகிறது. தேன்மெழுகில் இயற்கையாகவே கொஞ்சம் அமிலம் உண்டு. 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும் பொருள் என்பதால் சித்திரை வெயிலில் சூடேறும் ஓட்டு வீட்டில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நுண்படிக மெழுகு அதைவிட அதிகச் சூட்டில்தான் இளகும், காய்ந்த பிறகு கைரேகையும் பதியாது. காருக்குப் போடும் பாலிஷும் வேண்டாம், அவற்றில் பலவற்றில் தேய்ப்புத் தூள் கலந்திருக்கிறது. சிலிக்கான் உள்ள மரச்சாமான் ஸ்பிரேயைத் துப்பாக்கிக் கட்டையில் அடித்தால், பின்னாளில் ஆளிவிதை எண்ணெய் பூசும்போது அந்த இடத்தில் பிடிக்காமல் திட்டுத் திட்டாக விலகி நிற்கும்.

தேங்காய் எண்ணெய் பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதில் உருவாகும் கொழுப்பு அமிலம் பித்தளைப் பாகங்களில் பச்சைக் களிம்பை உண்டாக்கும், நாளானால் சிக்கு வாடையும் வரும். இரும்புக்குத் தையல் மிஷின் எண்ணெய் அதைவிட எவ்வளவோ மேல். டபிள்யூடி-40 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவான கலவை. மழையில் நனைந்த துப்பாக்கியை உடனே உலர்த்த அது நன்றாக உதவும். மாதக்கணக்கில் பீரோவில் இருக்கப்போகும் துப்பாக்கிக்கு அது விட்டுப்போகும் படலம் போதாது. 1904-லிருந்து இருக்கும் பாலிஸ்டால் என்ற ஜெர்மன் எண்ணெய், குழலின் வாய் வழியே கரிமருந்து போட்டுச் சுடும் வாய்வழித் துப்பாக்கிகளுக்குக் குறிப்பாக ஏற்றது. காரத்தன்மை உள்ளது, தண்ணீரோடும் கலந்துகொள்ளும். வாடைதான் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. மெழுகா எண்ணெயா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மெழுகு வெளியே, எண்ணெய் உள்ளே என்பதுதான் சரியான பங்கீடு.

கையில் எடுப்பதற்கு முன் துப்பாக்கி காலி என்பதை உறுதி செய்ய வேண்டும். மடக்கும் துப்பாக்கி என்றால் திறந்து பார்த்தாலே தெரியும். வாய்வழித் துப்பாக்கியில் அது முடியாது. ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை இறக்கி, வாயருகே குச்சியில் அடையாளம் வையுங்கள். அதே குச்சியைக் குழலின் வெளியே வைத்துப் பார்த்தால் அதன் முனை தீத்துளை வரை எட்ட வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே மருந்தும் ரவையும் கெட்டித்த நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, உரிமம் உள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். ஐம்பது வருஷமாகச் சுவரில் தொங்குகிறது என்பதால் கரிமருந்து செத்துப்போவதில்லை.

பிறகு கையுறை. வியர்வையின் உப்பே ஒரே இரவில் விரல் வடிவில் துருவைக் கொண்டுவரும். பனியன் துணியில் ஒயிட் ஸ்பிரிட் நனைத்துப் பழைய எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுங்கள். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். எண்ணெய்ப் பசையின் மேல் மெழுகு ஒட்டாமல் வழுக்கும், ஒரு வாரத்தில் திட்டுத் திட்டாகக் கழன்று வரும். குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வெயிலில் வைத்து எடுத்தால் நுண்துளைகளில் இருக்கும் ஈரம் போகும், மெழுகும் சீராகப் பரவும். துணியின் நுனியில் கொஞ்சமாகத் தொட்டு, ஒரு நேரத்தில் ஒரு சாண் நீளம் மட்டும் பூசி, உடனே வேறு துணியால் தேய்த்துவிடுங்கள். முழுக்குழலுக்கும் பூசிவிட்டுத் திரும்பி வந்து தேய்க்கலாம் என்று நினைத்தால், நாகர்கோவில் வெக்கையில் ஸ்பிரிட் பறந்து மெழுகு வெள்ளை மங்கலாக இறுகிவிடும். இறுகிவிட்டால் சுரண்ட வேண்டாம். அதன் மேலேயே புதிதாக ஒரு துளி பூசித் தேய்த்தால் பழையதும் கரைந்து வந்துவிடும். ஒரு மணி நேரம் விட்டு இரண்டாவது பூச்சு. மூன்றாவது பூச்சால் கூடுதல் பலன் ஒன்றுமில்லை.

இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையின் ஓரம், கீழே வார்ப்பட்டை மாட்டும் வளையத்தின் அடி, விசைக்காப்பின் உள்வளைவு, அடிக்கட்டையில் இருக்கும் இரும்புத் தகட்டின் திருகுக் குழிகள் ஆகியவற்றில்தான் துரு முதலில் விழும். மெழுகு பூசுபவர்கள் மறப்பதும் இவற்றைத்தான். பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷில் தொட்டுப் பூசினால் எட்டும். கட்டையில் பிடிமானத்துக்குக் கோடு கீறிய இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பள்ளத்தில் மெழுகு தங்கினால் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து பார்க்கச் சகிக்காது. அங்கே துளிதான், அதையும் உலர்ந்த பிரஷ்ஷால் உடனே வெளியே இழுத்துவிட வேண்டும். மடக்கும் கீலில் மெழுகு வேண்டாம். ஒரு கடுகளவு கிரீஸ் போதும்.

டமாஸ்கஸ் குழல் என்றால் இந்த மெழுகைத் தவிர வேறு எதையும் தேய்க்காமல் இருப்பதே மரியாதை. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிச் செய்த குழல் அது. மேலே தெரியும் சுருள் கோலம் அமிலத்தால் எழுப்பிய வண்ணம், மேல்தோல் அளவுக்குத்தான் ஆழம். பிராசோ ஒரு தடவை பட்டாலே கோலம் மங்கும். அடிப்பெட்டியில் (குழல் வந்து பொருந்தும் இரும்புப் பெட்டியில்), மேற்பரப்பைக் கடினமாக்கும்போது வந்த நீலமும் பழுப்புமான நிறமும் அப்படித்தான், போனால் வராது. மெழுகு இரண்டையும் தேய்க்காது, நிறத்தைக் கொஞ்சம் ஆழமாக்கியும் காட்டும். பொருளுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே காசு கொடுக்கலாம். பெல்ஜியத்தின் லீஜ் நகரத்து முட்டை வடிவச் சோதனை முத்திரை மட்டும் இருந்து, புகையில்லா மருந்துக்குச் சோதித்ததைக் காட்டும் நைட்ரோ முத்திரை இல்லாத குழலில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போய்விடும், சுடும்போது தோட்டா வாயின் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். நுழைகிறது என்பதால் பொருந்துகிறது என்று ஆகாது.

துரு ஏற்கெனவே இருந்தால் அதற்கு ஓர் இரவு எண்ணெயில் ஊற வைத்து, நிறம் போட்ட எஃகுக் குழலில் 0000 எண் கொண்ட மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் அழுத்தாமல் தேய்க்கலாம். எழும்பி நிற்கும் துருக்கொப்புளத்தைச் செம்புத் தகட்டின் விளிம்பால் நெம்பினால் அடியில் இருக்கும் எஃகு கீறாது. மொத்தமாகப் புது நிறம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சூடான காஸ்டிக் தொட்டியில் முக்கும் முறையா என்று முதலில் கேளுங்கள். இரட்டைக்குழலை ஈயப்பற்றாலேயே சேர்த்திருப்பார்கள். அந்தக் கரைசல் பற்றை அரித்து, குழலிடைப் பட்டையைக் கழற்றிவிடும். அதற்குச் சரியான வழி, மெல்லத் துருவேற்றி வெந்நீரில் கொதிக்க வைத்துக் கருப்பாக்கி, அதே வேலையைப் பல முறை திரும்பச் செய்வது. நாள் பிடிக்கும், கூலியும் கூடும்.

குழலின் உட்பக்கத்துக்கு 12 போர் அளவுப் பாஸ்பர் பிரான்ஸ் பிரஷ், துணி மாட்டும் முனை, எண்ணெய் தோய்த்த கம்பளிக் குஞ்சம். கம்பியைத் தோட்டா போடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக விட வேண்டும். கரிமருந்து சுட்ட குழலுக்கு முதலில் சூடான சோப்புத் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் உப்பு எண்ணெயில் கரையாது, ஈரத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும். எல்லாம் முடிந்ததும் துப்பாக்கியை வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் இறங்கி, அடிப்பெட்டி பொருந்தும் இடத்தில் கட்டையை ஊற வைத்துக் கறுப்பாகவும் மெத்தென்றும் ஆக்கிவிடும். பழைய துப்பாக்கிகளில் கட்டை விரிசல் விடுவதற்கு இது பெரிய காரணம். அங்கே எந்த மெழுகாலும் பயன் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசி எண்ணெயை உறிஞ்ச வைக்க வேண்டும்.

சுவரில் அழகுக்கு மாட்டுவது பற்றிக் கேட்பவர்கள் நிறைய. சுடக்கூடிய துப்பாக்கி சுவருக்கு ஏற்றதல்ல, பூட்டிய பீரோவுக்குள் இருக்க வேண்டியது. இந்த மாவட்டம் முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் பிறகு 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்ததால் சமஸ்தானக் காலத்துக் காகிதத்தோடு வந்த துப்பாக்கிகள் இன்னும் சில வீடுகளில் உண்டு. அந்தக் காகிதம் இன்றைய உரிமம் ஆகாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழம்பொருள் மதிப்புள்ள அல்லது வழக்கொழிந்த வகை ஆயுதங்களில், பழுது பார்த்தாலும் சுட முடியாதவற்றுக்கு விலக்குத் தருகிறது. உங்கள் வீட்டில் இருப்பது அதில் வருமா என்பதைச் சொந்தக் கணிப்பில் முடிவு செய்யாமல் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான், வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

மாட்டத் தகுந்தது என்று உறுதியானால் சுண்ணாம்புச் சுவரை ஒட்டாமல் ஓர் அங்குலமாவது தள்ளியிருக்கும் கொக்கியில் மாட்டுங்கள். கொக்கிக்கு ரப்பர் டியூப் சுற்றுவது நம் ஊரில் இயல்பாகத் தோன்றும். ஆனால் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் வெள்ளிப் பதிப்பைக் கறுக்க வைக்கும். கம்பளித்துணி ஈரம் பிடிக்கும். பாலித்தீன் குழாய் உத்தமம். தோல் உறைக்குள் வைத்து மூடுவது எல்லாவற்றிலும் மோசம். பீரோவில் வைப்பவர்கள் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று ஒரு சின்ன ஈரமானியால் பார்த்துக்கொள்ளலாம். நீல மணி ரோஜா நிறமானதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் மறுபடி உலரும்.

மெழுகை எத்தனை முறை புதுப்பிப்பது? கையில் எடுக்காத துப்பாக்கிக்கு மே கடைசியில் ஒன்று, செப்டம்பர் கடைசியில் ஒன்று. அடிக்கடி கையாளுவதில் நடுப்பிடி, முன்கட்டை, விசைக்காப்பு ஆகிய இடங்களில் மெழுகு முதலில் தேயும், அங்கே மட்டும் இடையில் ஒரு பூச்சு. தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள், திரும்பி வர மாதங்கள் ஆகும். ஒப்படைப்பதற்கு முந்தின நாள் வெளியே இரண்டு பூச்சு மெழுகும் குழலுக்குள் கெட்டி எண்ணெயும் போட்டு, விசைக்காப்பில் ஒரு அட்டை கட்டிவிடுங்கள்: 'குழலில் எண்ணெய் உள்ளது, துடைக்காமல் சுடக் கூடாது'. எண்ணெய் தேங்கிய குழலில் சுட்டால் அழுத்தம் கூடும்.

வயலுக்கும் எஸ்டேட்டுக்கும் தினமும் தூக்கிப் போகிற ஐஓஎஃப் (இந்திய ஆயுதத் தொழிற்சாலை) ஒற்றைக்குழல் மட்டும் வைத்திருப்பவர் இந்த மெழுகுக்குச் செலவழிக்க வேண்டாம், மிஷின் எண்ணெயும் பனியன் துணியும் போதும். டமாஸ்கஸ் குழலோ, செதுக்கு வேலையுள்ள அடிப்பெட்டியோ, வால்நட் கட்டையோ இருந்தால் 65 மில்லி டப்பா ஒன்று வாங்குங்கள். 200 மில்லி வேண்டாம்.