இஎஸ்பி32 டெவலப்மென்ட் போர்டு: சிப் அருமை, போர்டு சுமார்

விளக்கையோ, தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தையோ, செடியின் மண் ஈரத்தையோ கைப்பேசியிலிருந்து கவனிக்க விரும்பும் எவருக்கும் இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது, எஸ்பிரெஸிஃப் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இஎஸ்பி32 சிப் பொருத்திய, நிரல் ஏற்றிச் சோதித்துப் பார்ப்பதற்கான சர்க்யூட் பலகையான டெவலப்மென்ட் போர்டுதான். பரிந்துரையில் தவறில்லை. ஆனால் சிப்புக்கு உரிய புகழ் முழுவதும் அதைச் சுமக்கும் போர்டுக்கும் உரியது என்று எடுத்துக்கொள்பவர், பேட்டரியில் இயங்கும் முதல் புராஜெக்டிலேயே ஏமாற்றமடைவார்.

முதலில் சிப்பைப் பார்ப்போம். பலரும் பழகத் தொடங்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டில் உள்ள ஏடிமெகா328பி சிப், 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், வெறும் 2 கிலோபைட் ரேம் கொண்டு இயங்குகிறது. இஎஸ்பி32இல் 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் இரண்டு கோர்களும், 520 கிலோபைட் ரேமும், வைஃபையும், புளூடூத்தும் ஒரே சிப்பில் அடங்கியுள்ளன. ஆர்டுயினோ ஐடிஇ, மைக்ரோபைத்தான், இஎஸ்பிஹோம் என நிரல் எழுத உதவும் வழிகளில் எதில் பழகியவரும் அதிலேயே தொடங்கலாம். நிரல் எழுதும் பகுதியைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும் என்பதால், ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் இயக்கி வைத்திருப்பவர்கள் அந்த அமைப்பை மாற்ற வேண்டியிருக்கும்.

வயர் இணைக்கும் கால்களான பின்களைப் பொறுத்தவரை, போர்டில் அச்சிட்ட எண்களை மட்டும் நம்பி வயரை இணைப்பது நல்லதல்ல. 6 முதல் 11 வரையிலான பின்கள் ஃபிளாஷ் நினைவகத்துக்கு உரியவை என்பதால் அவற்றைத் தொடவே கூடாது. 34 முதல் 39 வரையிலானவை உள்ளீட்டுக்கு மட்டுமே பயன்படும். எதுவும் இணைக்காதபோது பின்னை உயர் நிலையில் வைத்திருக்கும் உள் புல்-அப் ரெசிஸ்டரும் அவற்றில் இல்லை. 12ஆம் பின்னில் இணைத்த சாதனம் அதை உயர் நிலைக்கு இழுத்துவிட்டால், ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் போதும் என்று சிப் முடிவு செய்துகொள்ள, பெரும்பாலான போர்டுகள் பூட் ஆகாமல் நின்றுவிடும். எல்லாவற்றையும் விடக் குழப்புவது, சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் இரண்டு ஏடிசி பகுதிகளில் இரண்டாவதான ஏடிசி2தான். மண் ஈர சென்சாரை ஏடிசி2ஐச் சேர்ந்த 4ஆம் பின்னில் இணைத்துச் சோதித்தால் அளவுகள் சீராக வரும். அதே நிரலில் வைஃபை இணைப்பைச் சேர்த்ததும் அளவு வருவது நின்றுவிடும். சென்சார் பழுது என்று நினைத்து வேறொன்று வாங்குபவர்களும் உண்டு. வைஃபை இயங்கும்போது ஏடிசி2 பின்களில் வழக்கமான முறையில் அனலாக் அளவு எடுக்க இயலாது என்பதே காரணம். 32 முதல் 39 வரையிலான ஏடிசி1 பின்களுக்கு மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும். எனினும் அந்த ஏடிசியும் 0 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் அருகில் நேர்கோட்டிலிருந்து விலகிவிடும் என்பதால், துல்லியம் தேவைப்படுபவர்கள் தனி ஏடிசி சிப்பைச் சேர்ப்பதே உத்தமம்.

போர்டின் உண்மையான பலவீனம் மின்சாரத்தில் இருக்கிறது. டீப் ஸ்லீப் எனும் ஆழ்ந்த உறக்க நிலையில் இந்தச் சிப் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 10 மைக்ரோஆம்பியர்தான். ஆனால் மலிவான போர்டுகளில் பரவலாகக் காணப்படும், உள்ளே வரும் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், தான் இயங்குவதற்கே சுமார் 5 மில்லிஆம்பியரைச் செலவிடுகிறது. அணையாமல் எரியும் சிவப்பு எல்இடியும், கணினியுடன் பேச உதவும் யுஎஸ்பி சிப்பும் எடுப்பது தனிக் கணக்கு. மொத்தம் 8 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 250 மணி நேரத்தில், அதாவது பத்தே நாளில், தீர்ந்துவிடும். சிப் உறங்க, போர்டு விழித்திருந்து பேட்டரியைத் தின்கிறது. மேலும் இந்த ரெகுலேட்டருக்கு உள்ளீடு, வெளியீட்டை விட ஒரு வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகவே இருக்க வேண்டும். ஆகவே முழுதாகச் சார்ஜ் ஆன 4.2 வோல்ட் லித்தியம் செல்லை 5 வோல்ட் பின்னில் இணைத்தாலும் சிப்புக்கு 3.3 வோல்ட் முழுமையாகக் கிடைப்பதில்லை. வைஃபை தகவல் அனுப்பும் நொடியில் மின்னோட்டம் சில நூறு மில்லிஆம்பியர்களுக்கு எகிற, மின்னழுத்தம் சரிந்து, போர்டின் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில், மின்னழுத்தம் போதவில்லை என்னும் பிரவுன்-அவுட் செய்தி தோன்றி, சிப் மீண்டும் மீண்டும் ரீசெட் ஆகும். தரமற்ற யுஎஸ்பி கேபிளும் இதே விளைவைத் தரும் என்பதால், நிரலில் பிழை தேடுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்க்கலாம்.

சிறு தொல்லைகளும் இல்லாமல் இல்லை. அகலமான போர்டை, சால்டரிங் இல்லாமல் வயர் செருகும் துளைப் பலகையான பிரெட்போர்டில் செருகினால் ஒரு பக்கம் வயர் குத்தத் துளையே மிஞ்சாது. சில போர்டுகளில் நிரலை ஏற்றும் ஒவ்வொரு முறையும் பூட் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது; சிப்பை ரீசெட் செய்யும் இஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு கெப்பாசிட்டர் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடாப்டரில் எப்போதும் செருகியே இருக்கும், விளக்கு போன்றவற்றை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே கட்டுப்பாட்டுக்கும், திரையுடன் கூடிய வானிலைக் காட்டிக்கும் இந்தப் போர்டைத் தயங்காமல் வாங்கலாம். பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய சென்சாருக்கு, குறைந்த மின்னோட்டம் எடுக்கும் ரெகுலேட்டரும் பேட்டரி இணைப்பானும் கொண்ட வேறொரு போர்டைத் தேட வேண்டும். அந்தத் தேடலில் இஎஸ்பி32-சி3 சிப் கொண்ட சிறிய போர்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஒரே கோர்தான், பழைய கிளாசிக் புளூடூத் கிடையாது, ஆனால் யுஎஸ்பி சிப்புக்குள்ளேயே இருப்பதால் அதற்கென்று தனிச் சிப் தேவைப்படுவதில்லை.